முறைப்பாட்டு மேசையில் சாம்பிராணி வாசம்

வெள்ளவத்தையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில், பழுதென்று வருகிறவர்களின் முறைப்பாட்டைக் கேட்பது துஷாந்தினியின் வேலை. பதினாறு வருசமாகச் சனம் அவளிடம் கத்துகிறது. அவளும் சும்மா இருக்கிற ஆளில்லை, நல்லாய்த் திருப்பிக் கொடுப்பாள்.

போன மாதம் பாரிஸ் மச்சாள் ஒரு சென்ட் போத்தல் கொண்டுவந்தாள். அம்பரும் சாம்பிராணியும் கலந்த வாசம். காலையில் அடித்தவுடன் மூக்கில் ஏறும். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிக் கடைக்கு வந்து சேர்வதற்குள் தணிந்து, கழுத்தடியில் இளஞ்சூட்டுத் தேன் மாதிரி நிற்கும்.

"கோயில் ஐயர் மாதிரி மணக்கிறீர்," என்று புருசன் சிரித்தார். சிரிக்கட்டும். அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். கொதித்துக்கொண்டு வருகிற சனம், மேசைக்குக் கிட்ட வந்ததும் பூசை நடக்கிற இடத்துக்குள் நுழைந்துவிட்டது போல் குரலைத் தாழ்த்திவிடுகிறது.

நேற்று முகத்துவாரத்திலிருந்து ஒரு பெரியவர் ரைஸ் குக்கரும் கையுமாக வாசலிலிருந்தே ஏசிக்கொண்டு வந்தார். "வாங்கி ரெண்டு கிழமை ஆகேல்லை, தானாப் பழுதாப் போச்சு! கள்ளக் கடை!"

துஷாந்தினியும் பதிலுக்கு வாயைத் திறந்தாள். ஆனால் மேசையடியில் அவர் சட்டென்று நின்றார். மூச்சை இழுத்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குக்கரை இரண்டு கையாலும் மெல்ல மேசையில் வைத்தார்.

"பிள்ளை," என்றார் தணிந்த குரலில், "அது தானாப் பழுதாகேல்லை. நான்தான் கீழ போட்டனான்."