பந்தயக் காரில் நான் அழித்த லிவர்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில், மதுரை கே.கே. நகரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. யாரிடம் சொன்னாலும் "அட, சின்ன விஷயம்" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. செல்போனில் விரலால் தட்டுவது இல்லை. நிஜமான ஸ்டீயரிங், மூன்று பெடல், கியர் எல்லாம் வைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண்களே வேர்த்து விறுவிறுத்து ஓட்டுவார்கள். அதில் வரும் பழைய பந்தயக் கார்களை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் உருவாக்கித் தருவது எங்கள் வேலை. நான் நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கியர் இல்லாத ஸ்கூட்டியைத் தவிர வேறெதுவும் எனக்கு ஓட்ட வராது. ஆனாலும் ஒரு காரைப் பார்த்தால் அதன் கடைசி நட்டு வரை உருவாக்கிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

திருமங்கலம் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்துக் கொட்டகையில் பந்தயக் கார் ஒன்று நிற்பதாக எங்கள் முதலாளிக்குத் தகவல் வந்தது. அந்த விவசாயி வாலிப வயதில் ஒரு டிங்கரோடு சேர்ந்து, பழைய கார் ஒன்றின் மேல்கூட்டை வெட்டி எறிந்துவிட்டு, தகரத்தைத் தட்டித் தட்டித் தாழ்வாகச் செய்த வண்டி அது. அதைச் சென்னை வரை கொண்டுபோய் ஓட்டிக் கோப்பையும் வாங்கியிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த விளையாட்டிலும் இல்லாத கார் என்றதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மூன்று நாள் போய் வந்தேன். டேப் பிடித்து அளந்தேன், எண்ணூறு போட்டோ எடுத்தேன். அவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேளைக்கு மோர் வந்தது, இளநீர் வந்தது. நடக்கும்போது இடது காலைச் சாய்த்து வைப்பதைக் கவனித்தேன். முட்டி வலி போல என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் அறுபதை நெருங்குகிற யாருக்குத்தான் முட்டி வலி இல்லை?

அந்தக் காரின் கியர் கம்பியில் பழைய ஸ்கூட்டரின் கிளட்ச் லிவர், கையால் அழுத்துகிற அந்தப் பிடி, கிளாம்ப் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. துருப்பிடித்த சாமான். கொட்டகையில் கிடந்ததை யாரோ மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கீழே கிளட்ச் பெடல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உடைந்து விழுந்திருக்கும் என்று அதற்கும் நானே ஒரு முடிவு கட்டினேன்.

எங்கள் தொழிலில் 'சுத்தம் செய்வது' என்று ஒரு கட்டம் உண்டு. ஒட்டு, ஒடுக்கு, பின்னால் கட்டிய வயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆக்குவது. லிவர் படத்தை முதலாளியிடம் காட்டினேன். "பிச்சைக்காரத்தனமா இருக்கு, தூக்கிருங்க" என்றார். தூக்கினேன். காலியாக இருந்த இடத்தில் அழகான ஒரு பெடலையும் செய்து மாட்டினேன்.

வேலை முடிந்ததும் அவரை அலுவலகத்துக்கு அழைத்தோம். வெள்ளை வேட்டி, சட்டையில் வந்தார். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, உங்கள் காரை நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்று சீட்டில் உட்கார வைத்தார் முதலாளி. அலுவலகமே சுற்றி நின்றது. திரையில் கார் மின்னியது. அவர் முகத்திலும் சந்தோஷம் இருந்தது, அதை நான் பார்த்தேன். இஞ்சின் உறுமியதும் அவருடைய இடது கை கியருக்குப் போய், அங்கே எதையோ தடவியது. மறுபடியும் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

"அண்ணே, கிளட்ச்ச மிதிங்க" என்றார் முதலாளி. அவர் மிதிக்கவில்லை. முதலாளி இன்னும் சத்தமாக, காது கேட்காதவரிடம் சொல்வதுபோல, அதையே சொன்னார்.

விவசாயி இடது கால் வேட்டியைத் தொடை வரை ஒதுக்கினார். கணுக்கால் முதல் தொடை வரை இரும்புப் பட்டை போட்டிருந்தது. "மூணு வயசுல போலியோ தம்பி. இந்தக் கால் மிதிக்காது. அதுக்குத்தான கையில கிளட்ச் வச்சிருந்தேன்."

முதலாளி அசரவே இல்லை. "பரவால்லண்ணே, கிளட்ச்சே இல்லாம ஆட்டோமேட்டிக்ல போட்டுருவோம்" என்றார்.

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்துவிட்டார். பொன்னாடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். "மூணு நாளு வண்டிய அம்புட்டு அளந்தியே தங்கச்சி. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

உள்ளே திரும்பினால், அங்கே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "கால் முடியாதவர் ரேஸ் ஓட்டுனார்னு விளம்பரம் போட்டா வியாபாரம் தூக்கிரும். அந்தக் காலைப் போட்டோ எடுத்துருக்கலாம்" என்கிறார் முதலாளி. அந்த விவசாயியின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அவருடைய கையெழுத்து வேண்டும். நீங்கதான் பழகியிருக்கீங்க, வாங்கிட்டு வந்துருங்க என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார். லிவரை வைத்துவிட்டு வாங்கலாமே என்றேன். அதற்கு நேரம் இல்லையாம். வண்டி பார்க்க அழகாகத்தானே இருக்கிறதாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்துவிட்டது. அந்த மனிதரால் ஓட்டவே முடியாத ஒரு வண்டியைச் செய்து, அதன் மேல் அவர் பெயரை ஒட்டி, அவருடைய காலைக் காட்டிக் காசு பார்க்க வேண்டும். இதில் அவர் கையெழுத்து வேறு போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் முதல் முறையாக முதலாளியிடம் குரலை உயர்த்தினேன். லிவர் ஏறாமல் அந்தக் காகிதத்தோடு வாசப்படி தாண்டமாட்டேன், வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளுங்கள் என்றேன். போக வேறு ஆள் இல்லை. ஒரு வாரம் கொடுத்தார்.

என் போட்டோக்களையே திரும்ப எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் எடுத்த ஒவ்வொன்றிலும் அந்த லிவர் இருந்தது. அதிலிருந்து கேபிள் இறங்கி, தரையில் துளை போட்டு, இஞ்சினுக்குப் போவது அத்தனை தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர் காரில் நான் போட்டிருந்த பெடலைப் பிடுங்கி எறிந்தேன். லிவரை அதன் துருவோடு உருவாக்கினேன். கோரிப்பாளையத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் விளையாட்டு ஓட்ட மிதிக்கும் நிஜப் பெடலைக் கொண்டுபோனேன். அவர் அதன் வயரைப் பிரித்து, நிஜ ஸ்கூட்டர் லிவர் ஒன்றில் இணைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், வீட்டுக்காரரைக் காரோட்டச் சொல்லி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போனேன். விவசாயி வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "கையெழுத்துக்குத்தான வந்த?" என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். ஓட்டிப் பாருங்கள், சரியில்லை என்றால் காகிதத்தை இங்கேயே கிழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாவெறுப்பாகத்தான் வந்து உட்கார்ந்தார்.

லிவரை ஒரு முறை பிடித்து விட்டுப் பார்த்தார். அப்புறம் முதல் கியர். வண்டி கிளம்பியது. முதல் வளைவில் சறுக்கிப் புல்லுக்குள் போய்விட்டார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், திரும்பவும் ஏற்றினார். மூன்றாவது சுற்றில் அந்தக் கையும் கியரும் வேறு வேறாகத் தெரியவில்லை. அவருடைய மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் ஓட்டினார்.

"கேபிள் இம்புட்டு லேசா இருக்காது" என்றார் கடைசியில். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பழைய காய்ப்பு இன்னமும் இருந்தது. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார். படத்தையும் உடல்நிலையையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வந்ததும், பேனாவால் அந்த வரியை இரண்டு தடவை அழுத்தி அடித்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

"வண்டிக்குப் பேரைப் போடு. என் காலைப் போடாத" என்றார்.

மறுநாள் அந்தக் காகிதத்தை முதலாளியின் மேசையில் வைத்தேன். அடித்த வரியைப் பார்த்து அவர் முகம் போன போக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைப்பானேன். விளையாட்டு வெளியானது, லிவரோடு, பெயரோடு. முதலாளி மேல் இருந்த கோபம் நாளாக நாளாகக் குறைந்துவிட்டது. என் மேல் இருப்பது மட்டும் குறையவில்லை. அது ஆறவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆறிவிட்டால், எனக்குப் புரியாததையெல்லாம் குப்பை என்று அழித்துவிட்டு, வேலை சுத்தமாக முடிந்தது என்று மறுபடியும் பெருமைப்பட ஆரம்பித்துவிடுவேன்.