அறுபத்திரண்டாம் பக்கத்துக் குரல்

குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டினாலும் விடுமுறை கிடையாது. கட்டின தொண்டைக்கென்று ஒரு கிழவன் வேஷம் காத்திருக்கும். வாத்தியார் மாதிரிப் பேசிக்காட்டி வகுப்புக்கு வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் என் கட்சி. நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான ஏமாற்று வேலை. கொஞ்சம் பொறுங்கள், வரும்.

நீதிபதி

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறை, எதிரொலியை அடக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. பார்வையில்லாத சட்டக் கல்லூரி மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். முதல் புத்தகமே இனப்படுகொலை வழக்குகள். சர்வதேச நீதிமன்ற விசாரணையெல்லாம் கேள்வியும் பதிலுமாக இருந்ததா, ஆளுக்கொரு குரல் கொடுத்துவிட்டேன். நீதிபதிக்குப் பாபநாசம் பஸ் கண்டக்டர். எதிரி வக்கீலுக்கு எங்கள் தலைமையாசிரியர்.

கொன்றான் என்று காட்டினால் மட்டும் அந்த வழக்கு நிற்காது. ஒரு இனத்தையோ மதத்தாரையோ முழுக்கவோ ஒரு பகுதியையோ இல்லாமல் ஆக்கும் எண்ணத்தோடுதான் கொன்றான் என்று காட்ட வேண்டும். எண்ணத்தை எவன் எழுதி வைப்பான்? என் தலைமையாசிரியர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்பது பக்கம் தொங்கினார். பதிவைக் கேட்ட கல்லிடைக்குறிச்சி மாணவர் ஒருவர் போன் போட்டார்: “நீதிபதி பேசும்போதெல்லாம் டிக்கெட் எடுக்கச் சட்டைப்பைக்குள்ள கை போகுது வே. செத்தவங்க கதை இது, கொஞ்சம் அழுதுட்டு வாசியும்.”

தண்டனை

பதிவு இயந்திரத்தில் உட்காருகிறவர் சுடலை அண்ணாச்சி. தீர்ப்பு அத்தியாயம் வந்தபோது இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அந்த நீதிமன்றங்களில் தூக்கு கிடையாது, மிஞ்சிப்போனால் ஆயுள். தண்டனை பெற்றவனை அடைத்து வைக்க எந்த நாடு சம்மதிக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கோ, ஆயுளென்றால் இருபத்தைந்து வருஷமோ கழிந்தால், விடலாமா என்று யோசிப்பதும் உண்டு. அண்ணாச்சி என்னை முறைத்தார், தீர்ப்பை நான்தான் எழுதின மாதிரி. “வாழைத்தார் களவாண்டவன நம்மூர்ல தூண்ல கட்டிவச்சு அடிக்கான். ஊரையே எரிச்சவனுக்கு நாடு நாடாப் போயி எடம் கேக்காங்க. நல்லாருக்குலே, வாசி!”

பிழை பார்ப்பவர்

தவமணி அக்கா எங்கள் பதிவைப் பிழை பார்ப்பவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புத்தகத்தின் மேல் பென்சிலை நகர்த்தியபடி கேட்பார். தப்பு வந்தால் பக்கமும் வரியும் சொல்வார். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து படகில் வந்து, அகதி முகாமில் இருப்பவர். படகேறும் முன்னே, சொந்த ஊரில் ஒரு நாள் அவருடைய தம்பியைப் பட்டாளத்தார் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் பாதியைப் பிழை பார்த்த பிறகு, அந்தச் சர்வதேச நீதிமன்றத்துக்கே ஒரு மனு எழுதினார். அண்ணாச்சி அதை இங்கிலீஷில் ஆக்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். மாதங்கள் போயின, பதில் இல்லை. அக்காவின் நாடு அந்த நீதிமன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, மனு அங்கன அப்படியே கிடக்கும் என்று அண்ணாச்சி பையச் சொன்னார். அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: “வழக்கு எடுக்காட்டிலும் பரவாயில்லை அண்ணை. ஆரும் ஒருக்கா முழுசாக் கேட்டாலே எனக்குக் காணும்.”

த-ஏழு

சாட்சிகளைப் பற்றிய அத்தியாயம் எனக்குக் கொண்டாட்டம். பயப்படுகிற சாட்சிக்குப் பெயரை எடுத்துவிட்டு எழுத்தும் எண்ணும் கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். குரலைக்கூட இயந்திரத்தால் மாற்றுவார்கள். நம்ம தொழில்! மொட்டை மாடிக்குப் போய், புது சிம்மிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். வெளிநாட்டு வானொலித் தமிழ், ஒவ்வொரு சொல்லும் கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி. “நீதிமன்றத்தின் சாட்சிகள் பிரிவு. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். மனு கிடைத்தது. இனி உங்கள் பெயர் த-ஏழு.”

ஒரு நிமிடம் பேசிவிட்டு, “ஏமாந்தீங்களா அக்கா!” என்று கத்துவதாகத் திட்டம். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஜன்னலோர இருக்கை. தம்பி இறங்கும்போது ஒரு செருப்பு பஸ்ஸுக்குள் கழன்றுவிட்டது. அதைக் கொடுக்கக் கீழே இறங்கியவரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. செருப்பு இப்போதும் அவரிடம் இருக்கிறது. அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் “பதிவு செய்துகொண்டேன்” என்று அதே குரலில் சொன்னேன். முக்கால் மணி நேரம். கடைசியில் கேட்டார்: “ஐயா, நான் சொன்னதில ஏதும் பிழையிருந்தா, எந்த இடமெண்டு சொல்லுங்கோ. திருத்திறன்.”

கடலைமிட்டாய்

மறுநாள் அக்கா எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். கையில் ஒரு தாள். முகாமில் இன்னும் இரண்டு பெண்கள், அவர்களுக்கும் த-ஏழு மாதிரி எண் வேண்டுமாம். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்: “கூப்புட்டுட்டாங்கலே! நம்ம இங்கிலீசும் அங்கன எடுபட்டிருக்கு பாரு!”

அறுபத்திரண்டாம் பக்கம்

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓடியது. அதற்குள் விட்டுப்போன பக்கங்களைப் பதிவு செய்தோம். அவற்றில் சாட்சிகள் பிரிவு அதிகாரி ஒருவர் வருகிறார், நாலே வரி. யோசிக்காமல் வாசித்துவிட்டேன். பழகின வாய், அந்தக் குரலையே எடுத்துக்கொண்டது.

பிற்பகலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் பென்சில் நின்றது. பின்னால் ஓட்டிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி வைத்துவிட்டு, புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எப்போதும் போலவே சொன்னார்: “அறுபத்திரண்டாம் பக்கம், நாலாவது வரியிலிருந்து. வேற குரலில வாசியுங்கோ தம்பி. இந்தக் குரலிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.”

ஊரில் எல்லாருடைய குரலும் எனக்கு வரும். அந்த நாலு வரிக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.