கம்பி பிடிக்கும் கை

ராயக்கோட்டை சாலையில் சர்க்கஸ் கூடாரம் போட்ட மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்குள்ள ஜிம்மில் ஒருவன் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்தபோது எழுந்த சுண்ணாம்பு வாடையில் கம்பி பிடிக்குமுன் இதே பொடியைப் பூசிக்கொள்ளும் சர்க்கஸ்காரச் சிறுமி ரேஷ்மாவின் கை நினைவுக்கு வந்தது.

அவள் அம்மா அந்தரத்தில் ஊஞ்சலை விட்டுப் பறப்பாள், தலைகீழாகத் தொங்கும் அப்பா பிடிப்பார், பின்னாலேயே இவளும் பறப்பாள். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளைக் கையில் மட்டும் அடிப்பதில்லை. கூடாரம் இருந்தவரை எங்கள் ஐந்தாம் வகுப்பில் படித்தவள், வீட்டுப்பாடம் எழுதாததற்கு டீச்சர் பிரம்பை எடுத்ததும் காலை நீட்டினாள்.

"கால்ல அடிங்க டீச்சர். சாயந்தரம் கம்பி பிடிக்கணும்."

"எங்க அடிக்கணும்னு நீ சொல்றியா? கைய நீட்டுடி."

அன்று மாலை, வீங்கிய கைகளோடு அவள் கம்பியைப் பிடித்து ஆடியதை, எங்கே நழுவிவிடுமோ என்று பல்லைக் கடித்தபடி பார்த்தேன். முந்தின நாள் அவளே ஆசையாய்க் கொண்டுவந்து கொடுத்த இலவச பாஸில், குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர், ரேஷ்மாவை அவள் அப்பா பிடித்ததும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.