ஹலீமா தேர்ந்தெடுத்த லாக்கர்

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் பள்ளி வேன் ஓட்டும் ஹலீமா நல்லதை மறந்துவிடுவாள். கெட்டதை மறக்கவே மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அதனால்தான் அவளைப் பிடிக்கும்.

போன வருஷம் ஜீப் குழுவோடு மலேசியாவுக்குப் போனபோது, ஜோகூர் காட்டுப் பாதையில் அவளுடைய பழைய ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. சேற்றில் இருந்த பின்சக்கரம் வெறுமனே சுற்றியது. கெட்டித் தரையில் இருந்தது அசையவே இல்லை. குழுத் தலைவன் ரமீஸ் வந்தான்.

"இறங்குங்கக்கா, இது ஸ்கூல் வேன் இல்லலா."

அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, ஆறு பேரைத் தள்ளவிட்டு, தானே ஓட்டி வெளியே கொண்டுவந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். முழங்கால் சேற்றில் நின்ற ஹலீமாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பிய வாரமே மெக்கானிக் அப்துல் அஜீஸிடம் போனோம். இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக்கர் வேண்டும் என்றாள்.

"ஆட்டோ லாக்கர் போட்டுக்கம்மா. தானா பூட்டிக்கும், நீ யோசிக்கவே வேணாம்."

"ரமீஸ் வண்டியில என்னண்ணே இருக்கு?"

"அதேதான்."

"அது எங்க காலை வாரும்?"

அவர் சிரித்துவிட்டார். "ஈரமான பக்கச் சரிவுல. ரெண்டு சக்கரமும் ஒண்ணா வழுக்கும், பின்பக்கம் கீழ போயிடும். பட்டன் வெச்சதுன்னா அங்க நீயே ஆஃப் பண்ணிக்கலாம்."

"பட்டனே போடுங்க."

அதற்குப் பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை ஜோகூர்தான். எப்போது அமுக்குவது, எப்போது விடுவது என்று அவள் பழக, நான் இறங்கி நின்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு ஜோடி செருப்பு போனது.

இந்த வருஷப் பயணத்தன்று நல்ல மழை. "சரிவுப் பாதையில போவோமா தம்பி?" என்று எல்லார் முன்னாலும் தேன் ஒழுகக் கேட்டாள். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதலில் போனான். பாதியில் பின்பக்கம் வழுக்கி வண்டி பள்ளத்தில் உட்கார்ந்தது. அவனுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஹலீமா பட்டனை அணைத்துவிட்டு நிதானமாகச் சரிவைக் கடந்தாள். கெட்டித் தரைக்கு வந்ததும் அமுக்கினாள். கயிறு கட்டி அவனை இழுத்துப் போட்டாள்.

"நல்ல லாக்கர்க்கா," என்றான் ரமீஸ், இடுப்புவரை சேற்றோடு. "அதான் உங்க வண்டி தானா வந்துடுச்சு."

ஹலீமா சாவியை உருவி நீட்டினாள். "தானா வருதுல்ல? இதை எடுத்துச் சரிவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி ஓட்டிட்டு வாங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டவில்லை.

"கை வலிக்குது தம்பி, வாங்கிக்கங்க."

ரமீஸ் குனிந்து கால்சட்டைச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.