அரைப்பேர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள் சிவசக்தி, பதுளை நகரத்துச் சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் ஆறு மாதத் தகுதிகாண் வேலையில் இருந்தாள். பட்டம் வாங்கியவள், கோட் எழுதத் தெரிந்தவள். ஆறு மாதம் முடிந்து வரும் கடிதத்தில் 'மென்பொருள் பொறியியலாளர்' என்று இருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்த அறையில் ஏழு ஆண்கள், பெண் இவள் ஒருத்தி. கூட்டத்துக்குப் பிளேன்டீ ஊற்றுவதும் செயலித் திரைக்கு நிறம் பார்ப்பதும் யாரும் சொல்லாமலே இவள் தலையில் விழுந்தன.

அப்போது ஒரு தோட்டத்துக்காகக் கொழுந்து நிறுவையைப் பதியும் செயலி தயாராகிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதலாளி ஆரூரனுக்கு இது எங்கே தெரியும்? அரைப்பேர் என்றால் பெயரின் சுருக்கம் என்று அவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

"சேர், அது ஆளோட பேர் இல்லீங்க. அரை நாள் வேலைங்க," என்றாள்.

"தங்கச்சி, நீங்கள் கலரைப் பாருங்கோ. லொஜிக்கை ஹிஷாம் பாப்பான்," என்று பக்கத்து மேசையில் இருந்தவனைக் காட்டினார் ஆரூரன்.

தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல இந்த மனிதர்களுக்கு நாக்கு ஏன்தான் எழும்பாதோ!

சோதனை பார்த்த அன்று, அரைப்பேர் விழ வேண்டிய இடத்தில் 'மு.', 'ரா.' என்று ஆட்களின் பெயரெழுத்துகள் விழுந்தன. தோட்டத்து மேனேஜர் துரை சத்தம் போட்டார். ஆரூரன் முகம் செத்துத் திரும்பினார். சிவசக்தி மூன்று நாள் உட்கார்ந்து, அந்தப் பகுதி முழுவதையும் அடியிலிருந்து எழுதினாள். அடுத்த முறை ஒரு பிசகு இல்லை. துரை பாராட்டியபோது ஆரூரன் ஹிஷாமின் தோளில் தட்டி, "எங்கட பெடியன் கெட்டிக்காரன்" என்றார். ஹிஷாம் தலையைக் குனிந்துகொண்டான்.

கடிதம் வந்தது. 'வாடிக்கையாளர் தொடர்பு உதவியாளர்.'

"போனுக்குப் பொம்பிளைப் பிள்ளையின்ர குரல்தான் நல்லம், தங்கச்சி," என்றார் ஆரூரன்.

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வேலையை விட்டெறிந்துவிட்டுப் போனால் லயத்து வீட்டில் அம்மாவிடம் என்னவென்று சொல்வது? போனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் வாரம் அந்தத் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஜீவராணி என்ற கிளார்க் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் விழவில்லையாம். சிவசக்தி வழி சொல்லத் தொடங்கினாள்.

"இல்லம்மா, இத எழுதுன தம்பிகிட்ட குடுங்க."

"நான்தாங்க எழுதுனேன்."

மறுமுனையில் சிரிப்பு. "வெளையாடாதீங்க தங்கச்சி. தொர பக்கத்துல நிக்கிறாரு. ஆம்பள யாராச்சும் இருந்தா குடுங்க."

ஆரூரன் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இதைச் சொன்னவள் ஒரு பெண். சிவசக்தி போனை ஹிஷாமிடம் நீட்டினாள். அவன் அதைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன சொல்ல?" என்று அவளையே கேட்டான். அவள் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். அங்கே பேர் விழுந்தது.

"தம்பி சொன்னா ஒடனே வெளங்குது," என்று ஜீவராணி சொன்னது போனுக்கு வெளியிலும் கேட்டது.