எல்லோரும் எடுத்துக்காட்டிய வாக்கியம்

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் மேற்கோள்களுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எவை, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று நிரப்ப வேண்டும். கண்டியில் விடாமல் மழை பெய்த ஒரு வாரம் அது. மருத்துவ பீடத்தில், ஆய்வுகூடத்தை ஒட்டிய என் சின்ன அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியவற்றில் பலவற்றை யாரும் சீண்டவில்லை. சிலவற்றை நானே என் அடுத்த கட்டுரைகளில் எடுத்துக்காட்டியதோடு சரி. ஒன்றே ஒன்றுதான் ஓடியிருந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது, கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை அவர்கள் ஏன் இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை அது. பன்வில பக்கத்துத் தோட்டங்களில் நானும் என் தோழி ஒருத்தியும் சேர்ந்து செய்த ஆய்வு. அப்போது இருவருமே இளம் ஆய்வாளர்கள். நான் மலையேறிப் பெண்களிடம் பேசி, இரத்தம் எடுத்து வருவேன். அவள் பரிசோதித்து, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவாள்.

அந்தக் கட்டுரையில் எல்லோரும் எடுத்துக்காட்டியது ஒரே வாக்கியத்தை. மாத்திரையை நிறுத்திய பெண்களில் பெரும்பாலானவர்கள் அதன் அவசியம் தெரியாமலோ, மறந்துபோயோதான் நிறுத்தினார்கள் என்ற வாக்கியம். நான் எழுதியதுதான். நான் பிறந்ததும் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். என் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை கொழுந்து எடுத்தவர். அப்படியிருந்தும் அந்த வாக்கியத்தை எழுதும்போது என் கை கூசவில்லை. அட்டவணை அப்படிச் சொன்னது, நான் அப்படியே எழுதினேன். பிறகு அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை ஏற ஏற, காலையில் வந்ததும் கணினியைத் திறந்து அதைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஒன்று கூடியிருந்தால் அன்று முழுக்க மனம் லேசாக இருக்கும்.

படிவத்தை நிரப்பிய அதே வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆபிரிக்காவில் தேயிலை விளையும் நாடொன்றிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். தன் ஊர்த் தோட்டத்துப் பெண்களுக்கு மாத்திரை எதற்கென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது, வேறு காரணங்களால்தான் நிறுத்துகிறார்கள், உங்கள் பெண்கள் மட்டும் ஏன் வித்தியாசமாக இருக்கிறார்கள் என்று புரியவில்லை, மூலத் தரவுகளை அனுப்ப முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தாள்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டிகளை இறக்கினேன். பெண்கள் சொன்ன பதில்களை நான் கையால் எழுதிய தாள்கள் உள்ளே இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு எண். கணினிக்குப் போனது அந்த எண் மட்டும்தான்.

முதலில் எடுத்த தாளில் என் எழுத்தில் இப்படி இருந்தது: "வெறும் வயித்துல போட்டா தல சுத்துது. சரிவுல நின்னு கொழுந்து எடுக்க முடியல." பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். கணினி அட்டவணையைப் பார்த்தேன். அதில் இரண்டு என்றால் மறதி, அறியாமை.

அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் தலைச்சுற்று, அதிலும் இரண்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு தாள்களுக்குப் பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம். எண்களைக் கணினியில் ஏற்றியவள் என் தோழி. உண்மையைச் சொன்னால், கோபத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. பிழை அவளுடையது என்றால் என்னுடையது இல்லையே.

அவள் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இப்போது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, சிறிய இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றை நடத்துகிறாள். தாள்களையும் அதே பெட்டியிலிருந்த பழைய குறிப்புப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு தன் பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்துக் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"ஒங்கட லிஸ்ட் இது. நீங்க அனுப்பினது. இதுல ரெண்டு எண்டா மறதிதானே?"

உண்மைதான். நான் அனுப்பிய பட்டியலில் இரண்டு மறதி, ஐந்து தலைச்சுற்று. என் பையிலிருந்த பழைய குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். தோட்டத்துக்குப் போன முதல் சில நாட்களிலேயே நிறையப் பேர் தலைச்சுற்று என்று சொன்னதால், எழுதச் சுலபமாக அதை மேலே கொண்டுவந்து இரண்டாவதாக்கி, மறதியை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியிருந்தேன். தேதி போட்டு, கோடிழுத்து, மிக நேர்த்தியாக மாற்றியிருந்தேன். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

நான் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அது புரிந்துவிட்டது. உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பிழை என்னுடையது. உன்மேலதான் கோவத்தோட வந்தேன்" என்றேன்.

"தெரியும். வாசல்ல வரக்குள்ளேயே மொகத்துல இருந்திச்சி." அவள் சிரித்தாள். "கட்டுரையில ரெண்டு பேர்ட பேரும்தானே ஈக்கி? திருத்தமும் ரெண்டு பேர்ட பேர்லயே போகட்டும்."

திரும்பி வந்ததும், எங்கள் துறையின் மூத்த விரிவுரையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். என் விண்ணப்பத்தில் எனக்கிருந்ததைவிட அவருக்கு அக்கறை அதிகம். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"திருத்தத்தான் வேணும், ஓம். ஆனா இண்டைக்கே அனுப்ப வேணுமெண்டு ஆர் சொன்னது? படிவம் போகட்டும், நேர்முகம் முடியட்டும். ஆறு மாசம் பிந்தினா ஆருக்கு என்ன நட்டம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படிவத்தை மேற்கோள் எண்ணிக்கையோடு நிரப்பி மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன். ஒன்பது நாள் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில், எங்கள் வாக்கியத்தை எடுத்துக்காட்டிய கட்டுரைகளை முதன்முறையாக வாசித்தேன். அதுவரை எண்ணியிருக்கிறேனே தவிர வாசித்ததில்லை. ஒருவர் தோட்டப் பெண்களுக்குப் படங்கள் மூலம் அறிவூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கல்வியின்மையே எல்லாவற்றுக்கும் வேர் என்று எழுதிவிட்டு எங்களைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். வேறொரு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சுவரொட்டியின் படம் இருந்தது. கூடையோடு ஒரு பெண், கையில் மாத்திரை, கீழே "மறக்காதீர்கள்" என்று பெரிய எழுத்து. அதே சுவரொட்டியை ஒரு தோட்டத்துக் கிளினிக்கில் நான் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் தோழி வந்தாள். இருவருமாக எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து எண்ணினோம். அவள் வாசிக்க நான் குறித்துக்கொண்டேன். ஒரு தாளை அவள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு மெதுவாக வாசித்தாள்: "மாத்திரைய போட்டுட்டு மலைக்குப் போயி விழுந்துட்டேன். புள்ளைக்கு ஒன்னும் ஆகல. அதுக்கப்புறம் தொடல."

அதை எழுதியவள் நான். அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுதியிருப்பேன். எவ்வளவு யோசித்தும் அந்த முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை திருத்தக் குறிப்பைச் சஞ்சிகைக்கு அனுப்பினேன். அதன் பிரதியைப் படிவத்தோடும் இணைத்தேன். அந்த மாணவிக்குத் தரவுகளை அனுப்பி, நீ சந்தேகப்பட்டது சரிதான் என்று எழுதினேன்.

நேர்முகத்தில் ஒருவர் பிரதியைத் தூக்கிக் காட்டினார். இதை ஏன் இணைத்தீர்கள், யாரும் கேட்கவில்லையே என்றார். கட்டுரையைக் கணக்கில் எடுத்தால் இதையும் எடுக்க வேண்டும் அல்லவா என்றேன். அவர் தலையாட்டினார். அந்த முறை பதவி கிடைக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூத்த விரிவுரையாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, அடுத்த தடவைக்கு என்னென்ன சேர்க்கலாம் என்று பட்டியல் போட்டார். அடுத்த சுற்றில் கிடைத்தது.

அதற்கு முன்பே, திருத்தம் அச்சில் வந்த மாதத்தில், நானும் தோழியும் பன்வில பக்கம் போனோம். ஆய்வு நடந்த தோட்டமொன்றில் கிளினிக் நாள். மருத்துவிச்சிக்கு முன்பே சொல்லியிருந்ததால் அன்று எங்களுக்குப் பதில் சொன்ன பெண்கள் சிலரையும் அவர் வரச் சொல்லியிருந்தார். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அப்போது நீங்கள் சொன்னதை நாங்கள் தவறாகப் பதிந்துவிட்டோம், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் தலை சுற்றியதுதான் காரணம், இப்போது திருத்திவிட்டோம் என்று விளக்கினேன்.

முன்னால் இருந்த ஒரு பெண், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்தவர், குழப்பத்தோடு பார்த்தார்.

"இதத்தானே மிஸ் அன்னைக்கும் சொன்னோம்?"

தோழிதான் பேசினாள்.

"ஓ, சொன்னீங்க. நாங்கதான் பிழையா எழுதிட்டோம்."

"நாங்க மறந்துட்டோம்னா எழுதுனீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடப் பாவமே! காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சி, ரொட்டி சுட்டு, புள்ளைங்கள அனுப்பிட்டு, பெரட்டுல பேர் பதிஞ்சி மலைக்குப் போறவங்க நாங்க. எதத்தான் மிஸ் மறப்போம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க மிஸ், இப்பவாச்சும் வந்து சொன்னீங்களே" என்றார். மருத்துவிச்சி அன்றே, மாத்திரையை இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். இரண்டு பேர் தாங்கள் எப்போதோ அப்படித்தான் செய்யத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

பழைய கட்டுரையை இன்னும் எடுத்துக்காட்டுகிறார்கள். திருத்தத்தை மிகச் சிலரே பார்த்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வேட்டில் இரண்டையும் குறிப்பிட்டு, எங்கள் பெண்களின் பதிலைத் தன் ஊர்ப் பெண்களின் பதிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மற்றவர்களுக்கு, எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம், நானும் தோழியும் கடிதம் எழுதுகிறோம். பெரும்பாலும் பதில் வருவதில்லை. போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். தன் கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம், அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாராம். தொலைபேசியில் சொன்னதும் தோழி அந்த மின்னஞ்சலை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.