நான் ஊற்றிய இளம்பச்சைத் தண்ணீர்

பல்கலைக்கழகத்தை விட்டு வரும்போது என்னிடம் ஒரு சான்றிதழும், ஜாம் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும் இருந்தன. சான்றிதழை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். போத்தலை நான் யன்னலோரம் வைத்தேன். அதற்குள் இருந்தது குளோரெல்லா என்கிற நுண்பாசி. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. பெருக்கி, காயவைத்து, தூளாக்கித் தீனில் கலந்தால் வளர்ப்பு மீனுக்கு நோயைத் தாங்கும் வலு கூடும். கேட்க ஆள் கிடைத்தால் பஸ்ஸில் நின்றுகொண்டுகூட இதைச் சொல்வேன். பரந்தன் சந்தியில் மரக்கறி விற்பவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பாசி பிடிச்ச தொட்டியை இனி உரஞ்சிக் கழுவத் தேவையில்லை, என்ன பிள்ளை?” என்றார்.

முரசுமோட்டையில் என் தாய்மாமனின் வயலோரம் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. வீதி போட்டவர்கள் மண் அள்ளிவிட்டுப் போனது. கிடங்கு என்றுதான் சொல்வோம். மாமாவுக்கு அது வயலில் விழுந்த ஓட்டை. அதைத் துப்புரவாக்கி, வரம்பு கட்டி, திலாப்பியாக் குஞ்சு விட்டு மீன் குளமாக்கியவர்கள் அயலில் குடியிருந்த மலையகத் தமிழர், புருஷனும் பெண்சாதியும். புருஷனுக்கு ஐம்பது வயதிருக்கும். மாமாவோடு எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். இந்தமுறை மீன் நன்றாக வந்தால் ஐந்து வருடக் குத்தகையாக எழுதித் தருகிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். எழுத்து இருந்தால் மீன்பிடிச் சங்கத்தில் பதியலாம். குஞ்சு கேட்டு விண்ணப்பிக்கலாம். நினைத்தபடி எவரும் இடத்தை விட்டு எழுப்பிவிட முடியாது. அந்த ஒரு கடதாசிக்காக அவர்கள் இரண்டு வருடம் அந்தக் கிடங்கோடு கிடந்தார்கள்.

நான் போன அன்று மீன்களின் வாலடியில் புண் இருந்தது. அவர் ஒன்றைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

“இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா மிஸ்?”

அவர் என்னை மிஸ் என்றது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் நான் இன்னும் வேலை கிடைக்காத பிள்ளை.

அவர்களின் முற்றத்து வெயிலில் இருபது லீற்றர் தண்ணீர்க் கான் பத்தை வரிசையாக வைத்தேன். கொஞ்சம் யூரியா, கொஞ்சம் ரீ.எஸ்.பி. உரம், மீன்தொட்டிக்குப் பூட்டும் சின்னக் காற்று மோட்டர். ஒரு கிழமையில் கான்கள் கரும்பச்சையாகிவிட்டன. படிகாரம் போட்டு அடைய விட்டு, அடியில் தங்கிய களியைத் துணியில் வடித்து, நிழலில் காயவைத்து, தவிட்டோடு பிசைந்து மீனுக்குக் கொடுத்தோம். தீன் அளவை நானே குறித்து ஒரு தகர ரின்னில் கோடு கீறிக் கொடுத்தேன். அவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒன்றரை மாதத்தில் புண்கள் ஆறின. மாமா வரம்பில் நின்று பார்த்து, “படிச்சது வீண் போகேல்லை” என்றார்.

தூளில் பிழை இல்லை. பிழை, பாசியை எடுத்தபின் கானில் மிஞ்சும் தண்ணீரில் இருந்தது. இளம்பச்சையாக இருக்கும், போட்ட உரத்தில் பாதி அதில் கரைந்தபடியே கிடக்கும். உரம் கிடைக்காமல் நெல் மஞ்சளித்து நின்ற போகங்களைக் கண்ட வீடு எங்களுடையது. யூரியாப் பை அலசிய தண்ணீர்கூட முருங்கையடிக்குத்தான் போகும். அதைச் சும்மா நிலத்தில் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. கிடங்குக்குள் ஊற்றினேன். கிழமைக்குக் கிழமை பத்துக் கான். குளத்திலும் பாசி பெருகினால் மீன் அதையும் தின்னும்தானே என்று எனக்கே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

அவர் எந்தக் கருவியும் இல்லாமல் தண்ணீரை அளப்பார். வரம்பில் குந்தியிருந்து கையை நேரே உள்ளே விடுவார். உள்ளங்கை எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பார். ஒருநாள் நான் ஆறாவது கானைச் சரிக்கும்போது கையை வெளியே எடுத்துக் காட்டினார்.

“முன்னாடி முழங்கை முங்குற வரைக்கும் உள்ளங்கை தெரியும் மிஸ். இப்ப மணிக்கட்டோடயே மறையுது. போதுங்க, இனி ஊத்த வேணாம்.”

எனக்குச் சுர்ரென்றது. “பாசியைப் பற்றி நான் நாலு வருசம் படிச்சனான். நீங்கள் தேயிலைக் கொழுந்து பறிச்ச ஆள். உங்களுக்கு இதில என்ன தெரியும்?”

அவர் சிரித்தார். “நான் கிளிநொச்சியில பொறந்தவன் மிஸ். தேயிலைச் செடியைப் படத்துலதான் பாத்திருக்கேன்.”

அவர் மனைவி சிரிக்கவில்லை. தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மீதி நான்கு கானையும் நான் ஊற்றி முடித்தேன்.

அடுத்த கிழமை மூன்று நாட்கள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை; மூடம் போட்டபடி கிடந்தது. நான்காம் நாள் விடியும்போது அவர் தொலைபேசி எடுத்தார். நான் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது குளம் முழுக்க வாய்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. அவரும் மனைவியும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வாளியால் அள்ளி அள்ளி உயரத் தூக்கி ஊற்றினார்கள், தண்ணீருக்குள் காற்றுப் போகட்டும் என்று. அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பாசி வெயிலில் ஒட்சிசனைக் கொடுக்கும், இருளில் அதையே உறிஞ்சும். வெயிலே வராத நாட்களில் அவ்வளவு பாசியும் சேர்ந்து மீனின் மூச்சைக் குடித்துவிட்டது. மூன்றாம் வருடப் பரீட்சையில் இதை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான்.

நான் தண்ணீருக்குள் இறங்கவில்லை. வரம்பில் நின்று பம்ப் கேட்டு மாமாவுக்கு அழைப்பு எடுத்தேன். பம்ப் வந்து சேர முன்னர் வெள்ளை வயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன.

மாமா பம்போடு வந்து, நனைந்து நின்றவரைப் பார்த்துக் கேட்டார்: “என்னத்தைப் போட்டனீ?”

“நான் எதுவும் போடலைங்க ஐயா. மிஸ் ஊத்துற பச்சைத் தண்ணி... வேணாம்னு சொன்னேங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் எவ்வளவு விரைவாகச் சொன்னேன் என்பதுதான் இப்போதும் நினைவில் நிற்கிறது. “தீன் கூடிப் போச்சு மாமா. திண்டு மிஞ்சினது அடியில அழுகி இருக்கு. அதுதான் ஒட்சிசன் இறங்கினது.”

ஒட்சிசன் என்ற சொல் போதுமாயிருந்தது.

“ரின்னுல கோடு கீறினது நீங்கதானே மிஸ்?” என்றார் அவர் மனைவி. குரலை உயர்த்தவில்லை. “அந்தக் கோட்டுக்கு மேல ஒரு தடவை போட்டிருப்போமா?”

“நீ வாயைப் பொத்து” என்றார் மாமா. “படிச்ச பிள்ளை பொய் சொல்லுமே?”

அன்று பின்னேரமே கிடங்கை விடச் சொல்லிவிட்டார். செத்த மீனை அள்ளிப் புதைக்கும் வேலை மட்டும் அவர்களுக்கு விடப்பட்டது.

ஒரு மாதம் கழித்து அந்தக் குத்தகை என் பெயரில் எழுதப்பட்டது. இரண்டு நாள் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் கையெழுத்து வைத்தேன். புதுக் குஞ்சு விட்டேன். மிஞ்சிய கான் தண்ணீர் இப்போது வாழைக்குப் போகிறது. பாசித்தூள் தின்ற மீன்கள் புண் இல்லாமல், ஒரே அளவாக வளர்ந்தன. முல்லைத்தீவிலிருந்தும் பார்க்க வந்தார்கள். குஞ்சு தந்த மீன் வளர்ப்புத் திட்டத்துக்கு எழுதிய அறிக்கையில், முதல் முறை ஏற்பட்ட இழப்புக்குக் காரணம் “பராமரிப்புக் குறைபாடு” என்று குறிப்பிட்டேன். யாருடைய பராமரிப்பு என்று எவரும் கேட்கவில்லை.

முதல் வலை இழுவைக்கு ஆள் தேவைப்பட்டது. மாமா கூட்டி வந்த நாலு பேரில், கிடங்கை விட்டுப் போன அவரும் ஒருவர். கூலிக்கு வந்திருந்தார். வலையின் ஒரு முனையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றார். பார்க்க வந்த அதிகாரிகளில் ஒருவர், வயதான ஆள் என்று நினைத்தோ என்னவோ, அவரிடம்தான் கேட்டார்.

“தண்ணி கனக்கப் பச்சையாகினால் எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கள், அண்ணை?”

“எனக்கு என்னங்க தெரியும்?” என்றார் அவர். “மிஸ்ஸைக் கேளுங்க.”

கையை உள்ளே விட்டு உள்ளங்கையைப் பார்க்கும் முறையை நான் விளக்கினேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அன்று மாமா வீட்டில் மீன் பொரியல். குசினிக்குள் இருந்து சாப்பிடும்போது எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். கான், உரத் தண்ணீர், அவர் வேண்டாம் என்றது, தீன் மேல் நான் போட்ட பழி. மாமா முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

“அண்டைக்கே தெரியும், பிள்ளை.”

“தெரிஞ்சுமா எழுப்பினனீங்கள்?”

“எழுதிக் குடுத்தால் அஞ்சு வருசத்துக்குப் பிறகு அவன் எழும்புவானே? எனக்கு ஒரு சாட்டு வேணும். நீ தந்தாய்.” இன்னொரு துண்டு எடுத்தார். “உனக்கு அவ்வளவு மனம் நோகுதெண்டால், கடதாசி உன்ர பேரில தானே கிடக்கு. நீயே அவனுக்கு மாத்தி எழுதிக் குடன். நான் மறிக்கேல்லை.”

மாமா உண்மையாகவே மறிக்கவில்லை. இதுவரை நான் எழுதிக் கொடுக்கவுமில்லை. குளத்தில் இப்போது இரண்டாம் முறைக் குஞ்சுகள் நிற்கின்றன, நல்ல வளர்ச்சி. இந்த இழுவை முடியட்டும் என்றிருக்கிறேன்.